எங்கள் தெரு ஓட்டு

எங்கள் தெருவில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். சாவு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கருவடிக்குப்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கட்சியின் கிளைச் செயலாளரான என் அப்பா தட்சிணாமூர்த்திக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எதிர்க்கட்சியாக இருந்தே தேய்ந்துபோன கட்சி அது. இந்த முறை ஆட்சியைப் பிடித்துவிடுவோம் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இருந்தாலும் வாக்குப்பதிவன்று பூத் ஏஜெண்டாக நான்தான் உட்கார வேண்டும் என்றார். அம்மா சொர்ணத்தைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து, 'வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குப் புரிந்திருந்தது.

"நான் போகலப்பா," என்றேன்.

"அம்மா கூட நான் இருக்கேன். எதுனா ஒண்ணுன்னா ஆள் அனுப்புறேன். நீ கெளம்பு."

கிளம்பினேன். பள்ளிக்கூட அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எங்கள் தெருவே திரண்டு வந்து ஓட்டுப் போட்டது. பக்கத்து வீட்டு வசந்தா அத்தை புதுப் புடவையில் வந்து, விரல் மையைக் காட்டிச் சிரித்தாள். மத்தியானம் அப்பா ஓட்டல் சாப்பாடு கொடுத்தனுப்பினார். பாவி நான், அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

இயந்திரத்துக்குச் சீல் வைத்துவிட்டு வெளியே வந்தால் அப்பா நின்றிருந்தார். "உங்கம்மா போயிட்டாம்மா. இப்பதான்."

குளிப்பாட்டும்போது வசந்தா அத்தை அம்மாவின் கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை, விறைத்துப்போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். உயிர் போனது இப்போது இல்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. வீடு நிறையச் சனம். அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்த பிறகுதான் ஓட்டு எண்ணினார்கள். சட்டசபையில் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றுவிட, எங்கள் தொகுதி மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் எங்கள் பூத் பெட்டி வந்தது. அதுவரை பின்தங்கியிருந்த எங்கள் வேட்பாளர் ஜானகிராமன் சொற்ப ஓட்டில் ஜெயித்தார். ஆட்சி மாறியது.

சாயங்காலம் அவர் மேளத்தைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா படத்துக்கு மாலை போட்டார். அப்பாவுக்குச் சால்வை போர்த்தி, "உங்க தெரு ஓட்டு இல்லன்னா இந்த கவர்மெண்டே இல்லண்ணே," என்றார். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். சந்தோஷ அழுகை என்றார்கள் வந்தவர்கள்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "அம்மா எப்பப்பா போச்சு?"

அப்பா சால்வையை மடிக்க ஆரம்பித்தார். "நீ போன கொஞ்ச நேரத்துல."

"எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிக்கிறவரைக்கும் மூடி வெச்சிருந்தியா?"

"வெளிய சொல்லியிருந்தா ஒருத்தரும் பூத்துக்குப் போயிருக்க மாட்டாங்கம்மா. உங்கம்மாவும் கட்சிக்காரிதான். அவளும் இதத்தான் செய்யச் சொல்லியிருப்பா."

சொல்லியிருப்பாள்தான். நடக்க முடிந்தவரை வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவள். அம்மாவே சொன்னாள் என்றால் இந்த மனிதரை மன்னித்துவிடலாம். மன்னிக்கத்தான் எனக்கும் ஆசை. எனக்கென்று இனி இருப்பது இவர் ஒருவர்தானே.

"அம்மா அப்படிச் சொல்லிச்சா?"

மேடையில் எத்தனையோ பொய் சொன்னவர். இதையும் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. உன்னத்தான் கூப்பிடச் சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. நீ பூத்துலேருந்து எழுந்து வந்தா தெருவே தெரிஞ்சிக்கும்னு, நான்தான் ஆள் அனுப்பல."