நான் தைத்த அக்கா

நான் நாடகத்தைப் படிக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக மேடைக்கு உடை தைக்கிறேன், ஒரு பிரதியைக்கூட முதல் பக்கத்துக்கு மேல் புரட்டியதில்லை. குழுவில் எல்லோரும் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கதை தெரிந்துவிட்டால் கை சும்மா இருக்காது. மூன்றாம் காட்சியில் அவள் அழப்போகிறாள் என்று தெரிந்தால், முதல் காட்சிச் சட்டையிலேயே அந்த அழுகையைத் தைத்துத் தொலைத்துவிடுவோம். எனக்குக் கேள்விகள் போதும். இவளுக்கு என்ன வயது? காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தொடுகிறாள்? எந்தத் தோளில் பாரம் தூக்குகிறாள்? தனக்கென்று கடைசியாக எப்போது துணி வாங்கினாள்? இதற்கெல்லாம் பதில் சொன்னால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் தலையில் மண்ணை வாரிப் போட்டது.

குழுவின் இயக்குநர் என் கூடப்பிறந்த தம்பி. எழுதுவது அவன், இயக்குவது அவன், அழுது பேர் வாங்குகிற வேடமாக இருந்தால் நடிப்பதும் அவனே. நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா போனபோது, வீட்டில் தனியாக உட்கார்ந்து வெளிக்குழுக்களுக்குத் தைத்துக்கொண்டிருந்த என்னை, என்கூட வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டான். அரங்கத்துக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை கொடுத்தான். இரண்டு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பலகை, சுவர் நீளத்துக்குத் துணி மாட்டும் கம்பி. மேலே ஒத்திகை நடந்தால் எனக்குக் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

புது நாடகத்துக்கு முக்கியமான பெண் வேடம் ஒன்று என்று சொல்லிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு முன் கீழே வந்தான். என் கேள்விகளைக் கேட்டேன். ஐம்பதை நெருங்கும் வயது. வீட்டில் எழுந்திருக்க முடியாத ஒரு ஆள் படுத்த படுக்கையாக இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்வது இவள்தான். புருஷனா என்று கேட்டேன். அவளுக்கு வேண்டியவர் என்றான். அந்த இடத்திலேயே நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

ஆளைத் தூக்கி உட்காரவைப்பாளா என்றேன். ஆமாம், தினமும். கோபக்காரியா? மூக்கின்மேல் கோபம். சிரிப்பாளா? அதிகம் இல்லை. கழுத்தில் கயிறு கட்டி ஒரு சாவி தொங்க வேண்டும் என்று கடைசியாகச் சொன்னான். என்ன சாவி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கதை வந்துவிடுமே.

எப்படித் தைத்தேன் தெரியுமா அதை? சாம்பல் நிறத்தில் முழுநீளக் கவுன். புதுத்துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நிறத்தைக் கொன்றேன். படுத்திருப்பவரைத் தூக்கும்போது அவர் கை இவள் கழுத்தைச் சுற்றி வந்து வலது தோளைத்தான் பிடிக்கும், அதனால் அங்கே மட்டும் உப்புத்தாளால் தேய்த்து நூல் தெரிய வைத்தேன். கட்டில் விளிம்பில் முட்டுகிற உயரத்தில், தொடைக்கு முன்னால், துணியைத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். இடதுபக்கப் பையில் இரண்டு நாள் ஒரு மாத்திரைப் பெட்டியைப் போட்டுத் தொங்கவிட்டு, பை வாயைத் தளர வைத்தேன். முழங்கைக்கு மேல் கை மடிப்பு நிரந்தரமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இவளுக்கு மடிப்பை இறக்கிவிட நேரமே கிடையாது. இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போனது. எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன். பதினோரு வருடம் அப்பாவை அதே தோளில் தூக்கியவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்கிற சாதாரண விஷயம் இந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

அந்த வேடத்தில் நடிக்கும் பெண்ணை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். அளவு பார்க்க வந்து கவுனைப் போட்டுக்கொண்டதும் அவள் வலதுபக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றாள். துணியே அவளைச் சாய்த்தது. நான் குஷியாகிவிட்டேன். அவளோ கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இந்த ஒரு நாடகத்தையாவது நீங்கள் படித்திருக்கலாம் என்று முணுமுணுத்தாள். வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கு, அக்குளில் பிடிக்கிறதா பார்க்க வேண்டும் என்று அதட்டினேன்.

முதல் ஆட்டம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அன்று காலை முழு உடையில் கடைசி ஒத்திகை. படியில் ஏறும்போது கவுனின் ஓரம் காலில் தட்டுகிறது என்று நெட்டை சொன்னதால், அதைப் பார்ப்பதற்காகத்தான் மேலே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். குனிந்து அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை மட்டும்தான்.

மேடையில் ஒரு கதவு. உள்ளே கட்டில், கட்டிலில் ஒரு கிழவர். கதவுக்கு வெளியே என் தம்பி, நான் புழுதி அடித்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சட்டைக்கும் கேள்வி கேட்டுத்தான் தைத்தேன். வெகுதூரம் நடந்து வந்தவன், ராத்திரி முழுக்க வாசலில் கிடந்தவன் என்று சொல்லியிருந்தான்.

அக்கா, ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று அவன் கதவில் தலையை முட்டினான். உள்ளே நெட்டை கழுத்துச் சாவியை எடுத்துக் கவுனுக்குள் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா தூங்கறாரு."

அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அது என்னுடைய வாக்கியம். அவன் தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் நான் சொன்ன வாக்கியம். ஆனால் நான் அதோடு நிறுத்தியதில்லை. அப்பா தூங்கறாருடா, நீ கிளம்பி வா, வந்ததும் எழுப்பறேன் என்றுதான் சொல்வேன். பதினோரு வருடம் சொன்னேன். ஒத்திகை இருக்கு, ஆட்டம் இருக்கு, அடுத்த மாசம் வரேன் என்பான். வாக்கியத்தின் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, முன்பாதியை மட்டும் என் உடம்பின் மேல் மாட்டிவிட்டிருக்கிறான். அந்த உடம்பையும் நானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறேன். என்னைச் சுற்றி விளக்குப் போடுகிறவர், ஒலி பார்க்கிறவர் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். அவனுக்காக.

ஒத்திகை முடிந்ததும் அவனை ஒப்பனை அறையில் பிடித்தேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே வெளியே போனார்கள்.

"அது நீ இல்லக்கா. அது ஒரு கதாபாத்திரம்" என்றான்.

"அந்தத் தோள் யாரோடது?"

"அக்கா, நீ படிக்க மாட்டேன்னுதான்…"

"படிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் என் கையிலயே கொடுத்தியா?"

கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, ஏதோ சின்னப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் மாதிரி ஆரம்பித்தான். கதைக்கு ஒரு பூட்டு வேண்டுமாம். மகன் வர முடியாததற்கு ஒரு காரணம் வேண்டுமாம்.

"பையன் வரவே இல்லன்னு எழுதினா யாரு அக்கா உக்காந்து பாப்பாங்க?"

எங்கள் வீட்டில் அப்பாவின் அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஆரம்பத்தில், கொஞ்சம் எழுந்து நடக்க முடிந்தபோது, அவர் ஒருமுறை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டார், ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. மறுநாளே திருப்புளியை எடுத்துப் புதுக்கதவின் தாழ்ப்பாளை நானே கழற்றினேன். திருகாணி ஓட்டைகள் இன்னமும் இருக்கின்றன. இதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது தெரியவே தெரியாது. எப்படித் தெரியும், அந்தக் கதவை அவன் பார்த்திருந்தால்தானே.

இனிமேல் ஒரு வரிகூட மாற்ற முடியாது என்றான். அத்தையும் சித்தப்பாவும் மொத்தக் குடும்பமும் வருகிறார்கள், தயவுசெய்து ரகளை பண்ணாதே என்றான். எனக்குத் தாங்காமல் போனது அங்கேதான். யாரோ முன்பின் தெரியாதவர்கள் பார்த்து என்னைத் திட்டினால் எனக்கு என்ன வந்தது? ஆனால் அப்பாவின் தங்கை பார்க்கப்போகிறாள். சாகக்கிடந்தவரிடம் பெற்ற பிள்ளையை அண்டவிடாமல் பூட்டி வைத்தவள் என்று நினைத்துக்கொண்டு என் குடும்பமே இன்றைக்கு எழுந்துபோகும். பதினோரு வருடத்துக்கு எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். கரி பூசாமல் இருக்கலாம் அல்லவா?

கவுனைக் கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன். கையில் கத்தரிக்கோலும் இருந்தது. ஆனால் மேடையில் துணியில்லாமல் நிற்கப்போவது நெட்டைதானே தவிர அவன் இல்லை. அதனால் அவன் சட்டையை எடுத்தேன். நான் மூன்று நாள் பாடுபட்டு ஏற்றிய புழுதியை முழுவதும் சோப்புப் போட்டு அலசினேன். இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்து, கை மடிப்பு கத்தி முனை மாதிரி நிற்கத் தேய்த்தேன். பிறகு அவனுடைய ஒப்பனைக் குச்சியை எடுத்து, காலரின் வலதுபக்கம், காதுக்குக் கீழே வரும் இடத்தில், செம்மண் நிறத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன்.

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு அவன் அப்படித்தான் வந்தான். ஆட்டம் முடித்து நேராக வந்திருந்தான், எல்லாம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டை, காலரில் ஒப்பனைக் கறை. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டேதான் நான் அன்றைக்கு அழாமல் நின்றேன்.

உடை மாற்ற வந்தவன் சட்டையைக் கையில் வாங்கினான். காலரைப் பார்த்தான். கட்டை விரலால் கறையைத் தொட்டான். அவன் முகம் வெளுத்தது. அப்படியே போட்டுக்கொண்டு போனான். நல்லா வேணும் என்று மேடை ஓரத்தில் போய் நின்றேன். நாக்குக் குழறட்டும், வசனம் மறக்கட்டும், அத்தனை பேர் முன்னால் வாயடைத்து நிற்கட்டும் என்று மனசாரச் சபித்தேன்.

அவன் கதவுக்கு முன்னால் போய் நின்றான். மண்டியிடவில்லை. கையைக் காலருக்குக் கொண்டுபோய் அந்தக் கறையை மூடிக்கொண்டான். அக்கா என்றான். காலையில் கேட்ட நடிப்புக் குரல் இல்லை, உடைந்துபோன நிஜக் குரல். அடுத்த வரி வரவில்லை. அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மூன்றாவது முறை முயன்று அந்த வரியை அவன் சொன்னபோது, பின்வரிசையில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். அத்தனை வருடத்தில் அவன் அவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. அவனைக் குத்துவதற்காக நான் செய்த வேலை, அவன் பொய்க்கு உயிர் கொடுத்துவிட்டது. என் கையை நானே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

திரை விழுந்ததும் ஒப்பனை அறை நிறையக் கூட்டம். அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். பிறகு அத்தை என் பக்கம் திரும்பினாள். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது வந்தவள், அந்தத் தாழில்லாத கதவைத் தன் கையால் தள்ளித் திறந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போனவள்.

"நீ ஒரு நிமிஷம் திறந்து விட்டிருக்கலாமேம்மா" என்றாள்.

 அவனைப் பார்த்தேன். சொல்லுடா என்றேன். அத்தையிடம் நீயே சொல். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் இன்னும் ஈரம் காயாமல், ரொம்பக் கனிவாக அவன் சொன்னான்.

"விடுங்க அத்தை. அக்கா பாவம். நான் அவளை எப்பவோ மன்னிச்சுட்டேன்."

நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நெட்டைகூட என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டையைக் கழட்டு" என்றேன்.

அக்கா, எல்லாரும் இருக்காங்க என்று சிரிக்கப் பார்த்தான்.

"அது நான் தைச்சது. கழட்டு."

என் குரலில் என்ன இருந்ததோ, பொத்தானில் கை வைத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தில் முழு ஒப்பனையும் கழுத்துக்குக் கீழே சொந்த உடம்புமாக அத்தனை பேருக்கு நடுவில் நின்றான்.

"அத்தை, அவன் வரல. ஒரு நாள்கூட வரல. நான் கதவைத் திறந்துதான் வச்சிருந்தேன்."

அத்தை என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான். நெட்டை மூலையில் இருந்த மறைப்புத் திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வந்து, சாம்பல் கவுனை மடித்து என் கையில் கொடுத்தாள். கயிற்றோடு சாவியை மட்டும் அவன் முன்னால் மேசையில் வைத்தாள். நான் இரண்டு துணியையும் எடுத்துக்கொண்டு கீழே போய், கம்பியில் மாட்டியிருந்த மற்ற உடைகளையும் ஒவ்வொன்றாக இறக்கி என் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.