இயேசுதாசனின் எஞ்சின் விளக்கு

இயேசுதாசனின் காரில் எரிந்த எஞ்சின் விளக்கு, பேட்டரியைக் கழற்றிய பிறகும் எரிந்தது. புக்கிட் பாத்தோக் பட்டறையில் மெக்கானிக் மருதப்பன் பேட்டரியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அது பாட்டுக்கு மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது. கார்கள் பத்து வயதானாலே ஸ்கிராப்புக்குப் போகிற ஊரில் பதினைந்தைத் தாண்டிய கார் அது, கொஞ்சம் அடம் பிடிக்கத்தான் செய்யும் என்றார் இயேசுதாசன். இதைச் சொன்னபோதும் அவர் ஓட்டுநர் இருக்கையில்தான் இருந்தார். பட்டறையில் காரைத் தனியே விட்டால் பழைய சாமானை மாட்டிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். காரை லிஃப்டில் ஏற்றினால் அவரும் கூடவே மேலே போவார்.

மருதப்பனின் வைத்தியம் எளிது. ஒரு சாமானை மாற்று, விளக்கைப் பார். அணையவில்லையா, அடுத்ததை மாற்று. கணினியைச் செருகினால் குறையே இல்லை என்றது. ஸ்பார்க் பிளக், சென்சார், பெட்ரோல் மூடி என்று மாதக்கணக்கில் மாற்றினார். கடைசியில் எரிச்சலாகி விளக்கின் பல்பையே பிடுங்கினார். பல்பு இருந்த ஓட்டை எரிந்தது.

இதற்கிடையில் இயேசுதாசனுக்குத் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. வழியிலுள்ள தையற்கடை வாசலில் நின்று துணி பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வார். மனைவி அல்போன்சம்மாள் கேட்டால் மீன் கனம் என்பார். பையில் இருப்பது கால்கிலோ நெத்திலியாக இருக்கும்.

மாற்ற இனி ஒன்றும் இல்லை என்றானபோது மருதப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் குனிந்தார்.

"அண்ணே, எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. மாத்தாதது நீங்க மட்டும்தான் லா."

இயேசுதாசனை இறக்கி, கூட வந்திருந்த அல்போன்சம்மாளை உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது. அவர் திரும்ப ஏறினார், எரிந்தது. இயேசுதாசன் சிரித்தார், மற்ற இருவரும் சிரிக்கவில்லை. அல்போன்சம்மாள் அவரை டாக்சியில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியெல்லாம் அந்த டாக்சியிலும் எஞ்சின் விளக்கு எரிந்தது. பாவம், ஓட்டுநர் பயந்துபோனார்.

டாக்டர் சிவானி விளக்குக் கதையைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மூச்சு வாங்குமா என்றார். இல்லை என்று இவர் சொல்வதற்குள் அல்போன்சம்மாள் தையற்கடை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆக, மனைவிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. பரிசோதித்ததில், இதயத்தில் மூன்று ரத்தக்குழாய்கள் அடைத்திருந்தன. உயிர் மயிரிழையில் நின்றிருக்கிறது. மறுநாளே அறுவை சிகிச்சை.

வீடு திரும்பிய இயேசுதாசன், தையல் வலிக்காமலிருக்க நெஞ்சில் தலையணையை அணைத்தபடி முதல்முறை காரில் உட்கார்ந்தபோது, அல்போன்சம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தார். இருட்டாக இருந்தது. அந்த இருட்டைப் பார்த்து வாய்விட்டு அழுதார். கர்த்தருக்கும் மருதப்பனுக்கும் டாக்டர் பொண்ணுக்கும் நன்றி சொன்னார், பிறகு காருக்கும் சொன்னார். மருதப்பனுக்கு முழுசாய் ஒரு கொடுவா மீன் போனது. அவர் சஷ்டி விரதத்தில் இருந்ததால் மீன் ஒரு வாரம் ஃப்ரீசரில் காத்திருந்தது.

விளக்கு எரிந்த காரணத்தைக் கண்டுபிடித்தவர் பங்குத்தந்தை ஃபாதர் கிளாரன்ஸ். ஜனவரியில் கோயில் வளாகத்தில் வண்டிகளை மந்திரிப்பார்கள். எல்லாரும் இறங்கி பானெட்டைத் திறந்து நிற்பது வழக்கம். போன ஜனவரியில் மழை. இயேசுதாசன் மட்டும் இறங்கவில்லை, சீட்பெல்ட்கூடக் கழற்றவில்லை. ஜன்னல் வழியாகத் தெளித்த தீர்த்தம் டேஷ்போர்டிலும் அவர் நெஞ்சிலும் ஒன்றாகவே விழுந்தது. எது வண்டி, எது ஆள் என்று ஆசீர்வாதம் பிரித்துப் பார்க்குமா? இரண்டையும் ஒரே வண்டியாக எடுத்துக்கொண்டது.

அடுத்த ஜனவரியில், இறங்கி நில்லுங்கள், முறையாக மந்திரித்துப் பிரித்துவிடுகிறேன் என்றார் ஃபாதர். அல்போன்சம்மாள் சுற்றிவந்து, இறங்காமல் இருந்த கணவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"பிரிக்க வேணாம் ஃபாதர். எனக்கும் சேர்த்துத் தெளிச்சிடுங்க."

ஃபாதர் தாராளமாகவே தெளித்தார். அதிலிருந்து அல்போன்சம்மாளுக்கு முழங்கால் வலித்தால் டயரில் காற்று குறைவு என்று விளக்கு எரிகிறது. அந்த வயதுக் காரில் அப்படியொரு விளக்கே கிடையாது. மருதப்பன் டயரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அக்காவுக்குத் தைலம் தேய்த்தாச்சா என்று மட்டும் கேட்கிறார்.