விரிசல் வரைந்தவள்

தங்கை வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அவள் மேசையில் நாற்பத்தொரு துண்டுகளாகக் கிடந்த மண்குடம் மதியச் சாப்பாட்டுக்குள் தானாகவே ஒன்றுசேர்ந்துவிட்டது. பசை இல்லை, ஒட்டிய தடமும் இல்லை. அருங்காட்சியகத்தின் சீரமைப்புக் கூடத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எதிர் மேசை அக்காவுக்குத்தான் டீ இறங்கவில்லை. பதினேழு வருஷமாக இடுக்கியும் பசையும் மணல் தட்டுமாக முதுகொடிய உட்கார்ந்து, ஒரு குடத்துக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டவள் அவள். தங்கைக்குச் சிபாரிசு செய்ததும் அவளேதான். அந்த வருஷமே தங்கை எண்பது குடங்களை முடித்தாள், அதுவும் பாதி நேரம் நகம் கடித்துக்கொண்டு. வருகிறவர்கள் எல்லாம் “தங்கச்சி மேசை எது?” என்று கேட்டார்கள். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

தங்கை லீவு போட்ட ஒரு நாள், அக்கா பசையைக் கரைக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தங்கை முடித்த குடத்தைச் சுற்றித் துடைத்துப் பார்த்தாள். எதுவும் பிரியவில்லை. அப்போதுதான் வழி தெரிந்தது. இன்று ஒட்டுவதை நாளை இன்னொருவர் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. ‘பிரிக்க முடியாத வேலை’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் விதி என்றால் விதிதான் என்பவர். மாதக் கடைசியில் தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “நீயாக்கா எழுதின?” என்று மட்டும் கேட்டாள் தங்கை. “விதி அப்படி இருக்கு, நான் என்னடி பண்ணட்டும்?” என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை அக்கா தன் மேசையில் துண்டுகளைப் பரப்பிவிட்டுக் கைகழுவப் போனாள். திரும்பி வந்தபோது ஜாடி முழுசாக நின்றது. கதவைச் சாத்திவிட்டுப் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை. வெளியே தெரிந்தால் தான் எழுதிய இரண்டு பக்கமே தன் சீட்டைக் கிழித்துவிடும். ஆகவே மெல்லிய தூரிகையால், பசைக் கோடு போலவே அதன்மேல் விரிசல்களை வரைந்தாள். ஒரு ஜாடிக்கு இரண்டு மாதம் பிடித்தது. அப்படியே ஆறு வருஷம் போயிற்று. கைத்திறமைக்கு என்று பாராட்டுப் பத்திரமும் வந்தது.

ஏழாம் வருஷம் தங்கை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஜாடியை வெகுநேரம் பார்த்தாள். “அக்கா, கோடெல்லாம் நல்லா போட்டிருக்க. எனக்கு இந்தப் பொறுமை வராது” என்று சிரித்தாள். அதில் குத்தலே இல்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. மன்னிப்பதுகூட இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்குத் திரும்பினாள். அதற்குள் அடுத்த குடம் சேர்ந்திருந்தது. தூரிகையை நனைத்தாள்.