காலியான கருவிப் பலகை

பொழுது விடிவதற்குள் ஒரு ஆயுசுக்கான வேர்வையைச் சிந்தி முடித்திருந்தாள் கியர் அக்கா. விமான இறக்கைக்கு அடியில் மல்லாந்து, முழங்கைவரை எண்ணெய்.

இறக்கையின் இரு முனைகளிலும் எஞ்சின். நிமிர்த்தினால் நின்ற இடத்திலேயே எழும்பும். முன்னால் சாய்த்தால் விமானமாய்ப் பாயும். சாதாரண சனங்கள் ஏறிப் போகட்டும் என்று ஒன்பது வருஷமாய்க் கட்டுகிறார்கள். சாய்க்கிற கியர்பெட்டியை அவள் தூக்கத்தில் தும்மிக்கொண்டே கழற்றுவாள். அத்தனை தரம் கழற்றியாயிற்று.

எண்ணெயை வடித்தாள். எண்ணெயில் கலந்த இரும்பைப் பிடித்துவைக்கிற காந்த அடைப்பானில் இரும்புப்பொடி மீசை முளைத்திருந்தது. மூன்றாம் தரம்! உள்ளே ஏதோ பல் தேய்கிறது. வானத்தில் ஒரு எஞ்சின் சாய்ந்து மற்றது மக்கர் செய்தால்? இன்றைய பறப்பில் மீட்டர் பார்க்க உட்காரப்போவது அவள் தம்பி.

முதலாளியின் சென்ட் வாசனை வந்தது. கால்மணி கழித்து முதலாளி வந்தார்.

“பத்து மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க. மூடும்மா.”

“பல்லு தேயுது சார். பெட்டியை மாத்துங்கன்னு ரெண்டு மாசமா கத்துறேன். கொட்டகைத் தூணுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.”

“துடைச்சுட்டுப் பூட்டு. இருபது நிமிஷப் பறப்புல என்ன ஆயிடும்?”

“அப்ப என் தம்பி சீட்டுல நீங்க உக்காருங்க.”

கொட்டகையில் வேலையாயிருந்தவர்களின் சிரிப்பில் தகரக் கூரை ஒரு சாண் எழும்பி இறங்கியது.

“இன்னியோட உனக்கு வேலை இல்லை. ஸ்பேனரை மாட்டிட்டுக் கிளம்பு. பறக்கலாம்னு ஃபோர்மேன் கையெழுத்துப் போடுவாரு.”

ஃபோர்மேன் தன் செருப்பை முதன்முதலாய்ப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

சுவரில் கருவிப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே கறுப்புச் சாயம். ஒரு உருவம் காலியாயிருந்தாலும் விமானம் கதவைத் தாண்டாது. தொலைந்த கருவி எஞ்சினுக்குள் கிடக்கலாமே! முதலாளியே போட்ட சட்டம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைக் கொக்கியருகே கொண்டுபோனாள்.

“அக்கா, மாட்டாதீங்க!”

வயர்மேன் எழுந்து வந்தான். பலகையிலிருந்து தன் குறடை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

“எனக்கும் இன்னிக்கு ஸ்க்ரூடிரைவர் மேல பாசம் பொங்குதுடா,” என்றபடி ரிவெட் சித்தி எடுத்தாள். தம்பி டார்ச்சை எடுத்தான். ஒவ்வொன்றாய் நாற்பதும் போயின. கடைசியாக ஃபோர்மேன், யாரையும் பார்க்காமல், இடுக்குகளுக்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தார்.

“எல்லாரையும் தூக்கிடுவேன்!”

“தூக்குங்க சார். அதுக்கு முன்னால பெட்டியை மாத்துங்க.”

வெளியே கார்கள் வந்து நின்றன. நாளைக்கு யாருக்கு வேலை இருக்குமோ, தெரியாது. இறக்கையடியில் தோளோடு தோள் இடிக்க நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள், மடியில் கருவிகளோடு. கதவு திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அடைப்பானை நிறுத்தி வைத்தாள் கியர் அக்கா.

மீசையைத் துடைக்கவில்லை.