நாலு பத்துக்குக் கத்தும் தெரு

1

மணி நான்கு ஆறு. என் தங்கை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். இன்னும் நான்கே நிமிடம். அதற்குள் அவள்—

நிறுத்துகிறேன். ஓடினாள், சரி. செருப்பைக் கழற்றவில்லை. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பழகிய கை இது. யார் ஓடினாலும் செருப்பைப் பறக்கவிடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்ததல்ல. தங்கையிடமிருந்து, கேட்காமல் எடுத்தது.

ஊரின் சின்ன விமான நிலையத்தில் சத்தத்தை அளக்கும் பொறியாளர் அவள். குடியிருப்பதும் ஓடுபாதையை ஒட்டிய தெருவில்தான். கிளம்பும் விமானங்கள் இருபது வருடமாக அந்தத் தெருவின் கூரைகளை உரசாத குறையாகப் போயின. ஏறியவுடன் இடதுபுறம் திரும்பிக் கல்குவாரி மேலே போகட்டும் என்று புதுவழி போட்டவள் அவள்தான். ஒரு மாதச் சோதனை. அவள் வீட்டு மாடியில் கம்பம் நட்டு ஒலிவாங்கி வைத்தார்கள். நாலு பத்து விமானம்தான் பெரியது. அது போகும்போது அளவு அறுபத்தைந்து டெசிபலுக்குக் கீழே வந்தால் புதுவழி நிரந்தரம். இல்லையென்றால் நாளை முதல் பழையபடி தலைக்கு மேல்.

இருபத்தொன்பது நாளும் எழுபத்திரண்டு. இன்று கடைசி நாள்.

2

யாரோ ஒலிவாங்கியில் கை வைத்திருந்தார்கள். அந்தக் கையில் ஒரு தழும்பு—

[அடித்துவிடுங்கள். தழும்பும் இல்லை, கையும் இல்லை.]

அதுவரை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், இன்று காலையில்தான் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, இதைக் கேளு. 'ரெண்டு இன்ச் பிடிக்கவா'ன்னு கத்துறது யாரு?"

"கீழ்க்கடை தையல்காரர்."

"ஏன் கத்துறாரு? விமானம்தான் இந்தப் பக்கமே வரலையே."

"அது அவர் தொண்டைக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான் மர்மம். நாலு பத்து ஆனால் தெரு மொத்தமும் தானாகக் குரலை உயர்த்தும், டிவியைக் கூட்டும். விமானம் விலகிப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மேலிடத்தில் மன்றாடினாள். இன்றைய அளவை மட்டும் கணக்கில் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

"நான் கத்துறேனா? நான் மெதுவாப் பேசுற ஆளும்மா," என்றார் தையல்காரர், தெருமுனை வரை கேட்கும்படி.

எதிர்வீட்டு அக்காவுக்கு வேறு கவலை. "நாலு பத்துக்குத்தான் எங்க வீட்டுக்காரரைத் திட்டுவேன். அந்தச் சத்தத்துல அவருக்குக் கேக்காது. இனிமே எப்பத் திட்டுறது?"

"இன்னைக்கு ஒரு நாள் மனசுக்குள்ள திட்டிக்கங்கக்கா."

3

நாலு பத்து. தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுத்தார். டிவிகள் அணைந்தன. குவாரிப் பக்கம் விமானம் ஏறியது. பக்கத்து அறையில் யாரோ பீரோவை நகர்த்துவது போல ஒரு சத்தம், அதுவும் அடங்கியது.

அறுபத்தொன்று.

தங்கை எண்ணை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து அண்ணாந்து கேட்டார்: "ஏம்மா, என் வீட்டுக்காரி இன்னைக்கு ஒண்ணுமே திட்டலையே. உடம்புகிடம்பு சரியில்லையா?"

(இந்த வரி என் கற்பனை என்று நினைப்பீர்கள். எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு விதி பாக்கி. புதுவழிக்குக் கீழே, குவாரி ஓரத்தில், ஒரே ஒரு வீடு இருக்கிறது. ஐந்து மணிக்குள் அந்த வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அறுபத்தொன்று வெறும் எண்.

அந்த ஆளை எழுத வரவில்லை. மூன்று விதமாக முயன்றேன்.

அவர் மறுக்கிறார், தெரு பழையபடி கத்துகிறது. [காலையிலிருந்து அடித்த கூத்தெல்லாம் வீணா? வேண்டாம்.]

அவருக்குக் காது கேட்காது. [வாசகர் கடிதம் எழுதித் திட்டுவார்.]

அவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுக்கிறார், ஏனென்றால் அவருடைய—

[நகரவில்லை. என் கதைகளில் காரணமில்லாமல் யாரும் நல்லது செய்ததில்லை.]

அந்தக் காரணத்தை உங்களிடமே விடுகிறேன். பாசம் என்று எழுதினாலும் சரி, கிறுக்கு என்று எழுதினாலும் சரி. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாலு நாற்பதுக்கு, அந்த மாடியிலேயே, தங்கை காகிதத்தை நீட்டினாள்.

"ஒரு மாசமா உன் வீட்டுக்கு மேலதான் போகுது. எழுத முடியுதா, தூங்க முடியுதான்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல. நல்லா யோசிச்சுப் போடு, அண்ணா."