தலை கிடந்த அறை

கல் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பலகை வாடிக்கையாளர் வீட்டுக்கு. ஓட்டை விழுந்தது முதலாளி வீட்டுக்கு. ஓட்டையைக் கறுப்புப் பசையால் அடைத்துப் பாலீஷ் போட்டுவிட்டால் கட்டிய மனைவிக்கே தெரியாது. என் வீட்டுத் தரை முழுக்க இப்படித் தேறாத சரக்குதான்.

அன்று கல்லூரி வாத்தியாரம்மா ஒருவர் சமையல் மேடைக்குக் கல் பார்க்க வந்தார். ஆறு வருஷமாய் விலை போகாமல் மூலையில் கிடந்த பழுப்புப் பலகையில் தண்ணீரை ஊற்றிக் குனிந்து பார்த்தார். ஆள் சிக்கியாச்சு என்று நான் மனதுக்குள் விலையை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"இது கறை இல்லைங்க, எலும்பு."

ஈரத்தில் விலா வரிசை எழும்பி வந்தது. அதற்குள்ளே, சீப்புப் பல் மாதிரி, சின்னதாக இன்னொரு முதுகெலும்பு.

"கடல்ல வாழ்ந்த பல்லி மாதிரிப் பிராணி. குட்டி போடுற ஜாதி. வயித்துல குட்டியோட செத்திருக்கு. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு." வெட்டுப்பட்ட ஓரத்தைத் தடவினார். "தலை எங்கே?"

அந்தக் கல்லை இரண்டாக அறுத்தவன் நான். ஓட்டை விழுந்த பாதி என் வீட்டு உள்ளறையில், கட்டிலை ஒட்டிக் கிடக்கிறது. கட்டிலில் எட்டு மாத வயிற்றோடு என் மகள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி அந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் தரையில் நீளமான தாடை, பொடிப் பற்கள். நான் அடைத்த பசை இருந்த இடம், கண்.

மனைவியைச் சமையலறைக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். "மூச்சு விடாதீங்க. அவ ஸ்கேனுக்குப் போற அன்னிக்குப் பேத்து எடுத்துடலாம்" என்றாள்.

"ரெண்டு பேரும் ரகசியம் பேசற லட்சணம் தெருவுக்கே கேக்குது!" உள்ளேயிருந்து மகள். "அப்பா, இங்க வாங்க. நாள் பூரா தரையைத்தானே பாத்துட்டுக் கிடக்கேன், எனக்குத் தெரியாதா? அம்மா துடைச்சா வரும். காய்ஞ்சா போயிடும்."

"பயமா இல்லையாம்மா?"

"அது எதையோ தேடுதுப்பா. அதான் பயமா இருக்கு."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் விலை சொன்னவன் நான். மகளின் அந்த முகத்திடம் முடியவில்லை. கடையில் கிடக்கும் வயிற்றைப் பற்றிச் சொன்னேன்.

கட்டிலிலிருந்தே அந்தத் தாடையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "இப்பவே கொண்டுபோய் ரெண்டையும் சேர்த்து வைங்க. இல்லேன்னா என் பிள்ளை தங்காது" என்றாள்.

கடையில் பாலீஷ் போடும் என் மச்சான் கடப்பாரையோடு வந்தான். "ஆறு வருஷம் கழிச்சு சரக்கைத் திருப்பி எடுக்குற கடை நம்மளோடதுதான் மச்சான்" என்றான். கல் பெயர்ந்ததும் கீழே எட்டிப் பார்த்தான். அங்கே வெறும் மணல்தான்.

சாயங்காலம் இரண்டையும் ஒட்டி வைத்தோம். நடுவே ரம்பம் தின்ற கழுத்து மட்டும் இல்லை. வாத்தியாரம்மா கல்லூரிக்கு எடுத்துப்போனார். விலை கேட்டார். என் வாயில் எண்ணே வரவில்லை.

மறுமாதம் பேத்தி பிறந்தாள், குறையொன்றும் இல்லாமல். அந்த இடத்தில் வெள்ளைக் கல் பதித்தேன். அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. இப்போது தவழ்கிறாள். அறையில் விறுவிறுவென்று வருகிறவள், அந்தக் கல் வந்ததும் நின்று, சுற்றிக்கொண்டு போகிறாள்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் அப்படித்தான் போகிறேன்.