மாரியில் வந்த வாசகி

அறுகம்பேயில் வருடத்துக்கு இரண்டே காலம்தான். வெள்ளைக்காரர் இருக்கிற காலம், வெள்ளைக்காரர் இல்லாத காலம். முதலாவதை ஊரே சீசன் என்கிறது. இரண்டாவதுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஸஜாத்துக்கு மட்டும் அந்த இரண்டாவதுதான் சீசன்.

சித்திரை தொடங்கி ஐப்பசி வரைக்கும் அவன் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸின் முதலாளி. முதலாளி என்று பெயர்தானே தவிர, விடிந்தால் ஒம்லெட் போடுவதும் அவன்தான், பொழுது பட்டால் தலையணை உறை மாற்றுவதும் அவன்தான். வாடைக்காற்று எழும்பி, கடைசி வெள்ளைக்காரனும் விமானம் ஏறி, தகரக் கூரையில் மழை அடிக்கத் தொடங்கியதும் அலைப்பலகைகளைச் சுவரோடு சாத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவான். மற்ற ஆம்பிளைகளுக்கு மாரி வந்தால் தடிமன் காய்ச்சல் வரும், என்ட மனிசனுக்கு நாவல் வரும் என்று அவனுடைய மனைவி ஸம்றா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மூன்று மாரியில் மூன்று நாவல். எழுதுவது அவன், பதிப்பிப்பது அவன், பிழை பார்ப்பதும் அவனே. அதனால்தான் அவ்வளவு பிழை. பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு பொத்துவிலிலிருந்து கல்முனை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்குவதும் அவன்தான். கல்முனைக்குடியில் அவனுக்கு உறவு அதிகம். வாங்காமல் விட்டால் அடுத்த கலியாண வீட்டில் எப்படி முகம் பார்ப்பது என்று எல்லாரும் ஆளுக்கொன்று வாங்குவார்கள். வாங்கிக் கண்ணாடி அலுமாரிக்குள் பூப்போட்ட கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். வாசித்தீங்களா மாமி என்று கேட்டால், “ஓம் மகன், எழுத்தெல்லாம் நல்ல பெரிசா இரிக்கி” என்பார்கள்.

இதனால் ஸஜாத்துக்கு உலகத்தில் ஒரேயொரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. உறவுமில்லாத, கூட்டாளியுமில்லாத, தன்னை யாரென்றே தெரியாத ஒரு மனுசர் தன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிப்பதைக் கண்ணால் காண வேண்டும். பரிசு, பொன்னாடை, பத்திரிகையில் படம், அதெல்லாம் வந்தால் வரட்டும். இது ஒன்று நடந்தால் போதும் என்று இருந்தான்.

அந்த டிசம்பரில் அது காரில் வந்து இறங்கியது.

சுனாமி அடித்த இருபத்தாறாம் திகதி இந்தக் கரையில் யாரும் விடுமுறை கொண்டாடுவதில்லை. அது கழிந்த மறுநாள், கல்முனையிலிருந்து ஜெப்றி, றொசானி என்று ஒரு இளம் சோடி வந்தது. ஆவணியில் கலியாணம் முடித்த கிறிஸ்தவர்கள், நத்தார் லீவில் உலாத்த வந்திருந்தார்கள். ஜெப்றிக்கு அலையேறிப் பழக வேண்டும் என்று கொள்ளை ஆசை. கடலோ வெள்ளத் தண்ணீர் கலந்து செம்மண் நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவன் அதை ஒருமுறை பார்த்தான், வைஃபை இருக்கிறதா என்று கேட்டான், போய்ப் படுத்துவிட்டான். றொசானி வீட்டிலிருந்து கொண்டுவந்த நத்தார் கேக்கை ஸம்றாவிடம் கொடுத்துவிட்டு, விறாந்தையில் பிரம்புக் கதிரையை இழுத்துப் போட்டு, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

பச்சை அட்டை. குடை பிடித்த ஒரு பெண்ணின் முதுகு. ‘வாடைக்கு வந்தவள்’, மழைவாசன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த ஸஜாத்துக்குத் தலைகால் புரியவில்லை. மழைவாசன் அவன்தான். மூன்றாவது நாவல், அச்சாகி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. பின்னட்டையில் அவன் படம் வரவேண்டிய இடத்தில் அச்சகத்தார் தங்களுடைய விளம்பரத்தைப் போட்டிருந்தபடியால் றொசானிக்கு ஆளைத் தெரிய வழியில்லை.

“நல்ல புத்தகமா தங்கச்சி?” என்று குரல் நடுங்காமல் கேட்டுப் பார்த்தான்.

“இப்பதான் தொடங்கினன் நானா. கிப்ட் பேப்பர் வாங்கப் போன கடையில கிடந்திச்சி. அட்டை வடிவா இருந்திச்சி, எடுத்திட்டு வந்தன்.”

யாரும் கொடுக்கவில்லை, யாரும் கெஞ்சவில்லை. தானாகவே வாங்கியிருக்கிறாள். ஸஜாத் குசினிக்குள் பாய்ந்த வேகத்தில் தட்டில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

“புள்ள, அவள் வாசிக்கிறாள்.”

“என்னத்த?”

“என்ட புத்தகத்த.”

ஸம்றா தேங்காய் திருவுவதை நிறுத்தினாள். “உங்கட உறவுக்காரியா?”

“இல்ல.”

“தெரிஞ்சவளா?”

“இல்லகா. வேதக்காரப் புள்ள. காசு குடுத்து வாங்கியிருக்கு.”

“அப்ப போய்ச் சொல்லுங்களன், நான்தான் எழுதினதெண்டு.”

“உனக்கென்ன விசரா? சொன்னா மரியாதைக்கு வாசிப்பாள். மறுகா மாமி மாதிரி எழுத்து பெரிசா இரிக்கெண்டு சொல்லிட்டுப் போவாள்.”

ஆகவே சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது லேசான வேலையா? அன்று பின்னேரம் முழுக்க அவனுக்கு விறாந்தையில்தான் வேலை. சாரல் அடித்த தண்ணீரைத் துடைத்தான். எரிகிற பல்பைக் கழற்றி வேறு பல்பு போட்டான். பழைய கலண்டரைக் கழற்றி, தூசு தட்டி, அதே ஆணியில் மாட்டினான். றொசானி ஒருதரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாவலில் வருகிற மாமி கோழி களவு போன கதை சொல்கிற இடமாக இருக்கும் என்று அவன் உள்ளம் துள்ளியது. ஒருதரம் புருவத்தைச் சுருக்கினாள். எழுத்துப்பிழையாக இருக்கும்.

“அந்தப் புள்ளைக்கு இது நாலாவது தேத்தண்ணி” என்றாள் ஸம்றா. “வாசிச்சி முடிக்க முந்தி மூத்திரம் முட்டி எழும்பி ஓடப்போகுது.”

அடுத்த நாள் முற்பகல், தாய் ஃபோன் எடுத்ததால் றொசானி உள்ளே போனாள். புத்தகம் கதிரையில் கிடந்தது. கேக் பெட்டியின் சிவப்பு றிபனை அடையாளத்துக்கு வைத்திருந்தாள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பார்த்தால் என்ன பாவம் வந்துவிடும்? ஸஜாத் மெல்லத் திறந்தான். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. பாதி தாண்டிவிட்டாள். அதுவும் எந்த இடத்தில் நிற்கிறாள் தெரியுமா? அடுத்த பக்கத்தில்தான் நாவலின் உயிரே இருக்கிறது.

கதை இதுதான். மைமுனும் பரீதும் ஒருகாலம் பேசி முடித்த சோடி. சீதன வீட்டுப் பிரச்சினையில் அது முறிந்து, ஏழு வருடம் கழித்து ஒரு மழை ராத்திரியில் மைமுன் திரும்பி வருகிறாள். பரீத் தன் மீன்வாடிக் கதவைத் திறக்கிறான், அவள் நனைந்தபடி நிற்கிறாள். அந்த இடத்தில் பரீத் வாய் திறந்து, ஏழு வருடத்து மனக்குறையையும் கொட்டித் தீர்க்கிறான். அந்த ஒரு அத்தியாயத்துக்காக ஸஜாத் போன மாரி முழுவதையும் செலவழித்திருந்தான். எழுதியதை வாசித்து வாசித்துத் தானே அழுதிருக்கிறான். ஸம்றாவுக்கும் வாசித்துக் காட்டினான், அவள் மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

அடுத்த பக்கத்தைப் பார்த்தான். நூற்று இருபத்தொன்பது.

திரும்பப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டு. பரீத் கதவைத் திறக்கிறான். நூற்று இருபத்தொன்பது. விடிந்துவிட்டது, மைமுன் பரீதின் குடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். இடையில் ஒரு மண்ணும் இல்லை. அந்த அத்தியாயம் சரியாகப் பதினாறு பக்கம், ஒரே தாளில் அடித்து மடித்த ஒரே மடிப்பு. அந்த மடிப்பைச் சேர்க்காமலே புத்தகத்தைக் கட்டிவிட்டார்கள். டிசம்பர் மாதம் அச்சகத்தில் புதுவருடக் கலண்டர் அடிக்கிற அமளி. கலண்டருக்கும் கலண்டருக்கும் இடையில் அவசரத்தில் கட்டிய நாவல் வேறு எப்படி இருக்கும்?

வாராது வந்த ஒரு வாசகி. இன்னும் ஒரு பக்கம் வாசித்தால் என்ன நாசம் இது என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள். நாளைக்குக் காலையில் போய்விடுவாள். இந்தப் பிறவியில் இன்னொருத்தி வருவாள் என்பதற்கு யார் பொறுப்பு?

புத்தகத்தை வைத்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். பெட்டியை உடைத்து, பக்கங்களை எண்ணி, குறையில்லாத ஒரு பிரதியைத் தேடி எடுத்தான். மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தான்.

“என்ன செய்யப் போறீங்க மச்சான்?” என்றாள் ஸம்றா.

“அந்தப் பதினாறையும் வெட்டியெடுத்து அவளுட புத்தகத்துக்குள்ள வெக்கப் போறன்.”

“நல்லா இரிக்கிற புத்தகத்தையும் கொல்லப் போறீங்களா?”

“கதைக்காத. இதப் புடி.”

அவள் பிடிக்க, அவன் அறுக்க, பக்கங்கள் ஒரு கிழியல் இல்லாமல் வந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். றொசானி கதிரையில் இருந்தாள். றிபன் அவள் மடியில் கிடந்தது. புத்தகத்தில் அவள் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தாள்.

இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று அவன் தூணோடு நின்றான். அவள் கேட்கவில்லை. பக்கம் புரட்டினாள். மழை விட்டது, திரும்பப் பிடித்தது. ஜெப்றி எழும்பி வந்து, பகல் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டு, சாப்பிட்டு, மறுபடி படுக்கப் போனான். அவள் சோற்றுக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டே வாசித்தாள். ஸஜாத்தின் வியர்வையில் சட்டைக்குள் இருந்த பரீதின் வசனமெல்லாம் ஊறிக்கொண்டிருந்தது.

அஸருக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அவள் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். புத்தகத்தை மூடினாள். மூடிவிட்டு அட்டையைத் தடவிக்கொண்டே சும்மா இருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு சந்தோசம் கலியாணத்தன்றுகூட ஸஜாத்துக்கு வரவில்லை. இதை ஸம்றாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

“முடிஞ்சா தங்கச்சி?”

“முடிஞ்சி நானா. நல்ல கதை. ஆர் இந்த மழைவாசனோ தெரியா.”

அதற்கு மேல் அவனால் ஏலவில்லை. “நான்தான்” என்றான்.

அவள் முதலில் நம்பவில்லை. ஸம்றா தேத்தண்ணியோடு வந்து, “ஓம், இந்த மனிசன்தான். இந்த மழைக்குள்ள வேற என்ன வேலை?” என்ற பிறகுதான் நம்பினாள். எழும்பி நின்றாள். பேனா தேடினாள். கையெழுத்து வேண்டும் என்றாள். ஸஜாத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஒண்டு கேக்கட்டா நானா? அந்த ராவ எப்படி எழுதாம விட்டீங்க?”

“எந்த ராவு?”

“பரீது கதவத் திறக்கிறான், அவள் நிக்கிறாள். மற்றப் பக்கம் விடிஞ்சிட்டு. நடுவில ஒண்டுமில்ல. வேற ஆக்களெண்டா அதில பக்கம் பக்கமா கதைக்க விட்டிருப்பாங்க. எனக்கு அந்த இடத்திலதான் அழுகை வந்திச்சி. புத்தகம் முழுக்க அதுதான் நல்லம்.”

ஸஜாத் ஸம்றாவைப் பார்த்தான். ஸம்றா அவனுடைய சட்டையைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும். அது ஒரு உத்தி தங்கச்சி என்று சொல்லிவிட்டால், சாகும் வரைக்கும் அந்தப் புகழ் அவனுடையது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தன் புத்தகத்துக்காகக் கண் கலங்கிய ஒரேயொரு மனுசிக்குப் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பட்டனைக் கழற்றி, ஈரமாகிப்போன அந்த மடிப்பை வெளியே எடுத்தான்.

“நான் விடல்ல தங்கச்சி. எழுதினதுதான். கட்டுறவங்க விட்டுட்டாங்க.”

நடந்ததையெல்லாம் சொன்னான். மீன் கத்தியையும் மறைக்கவில்லை. றொசானி மடிப்பை வாங்கி அதன் தடிப்பைப் பார்த்தாள்.

“இவ்வளவும் கதைச்சாங்களா?”

“பரீது மட்டும்தான் கதைச்சான்.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து ஏலாமல் சிரித்தாள். பிறகு மடிப்பை விரிக்காமலே அவனிடம் நீட்டினாள். “குறை நினைக்காதீங்க நானா. இத நான் வாசிக்க மாட்டன். அந்த ராவு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும்.”

ஸஜாத்துக்குச் சுருக்கென்றது. ஒரு மாரி முழுக்க உயிரைக் கொடுத்து எழுதியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. எழுதியவனுக்குத் தெரியாத ஒன்று அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று அறிய அவனுக்குப் பரபரத்தது. கதிரையை இழுத்து முன்னால் போட்டான். “சொல்லுங்க பாப்பம்.”

“அவள் உள்ளுக்கு வரல்ல” என்றாள் றொசானி. “வாசல்லயே நிண்டாள். அவன் குடைய எடுத்து நீட்டினான். அவள் வாங்கல்ல. அவனுக்கும் கதைக்க வருகுதில்ல, அவளுக்கும் வருகுதில்ல. மறுகா அவன் குடைய விரிச்சி வாசல்ல வெச்சிட்டு உள்ளுக்குப் போயிட்டான். ராவு முழுக்க நித்திரையில்ல. விடியக் கதவத் திறந்து பாக்கான், குடையக் காணல்ல. அவ்வளவுதான்.”

ஸம்றா தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி கதவு நிலையிலேயே சாய்ந்து நின்றாள். அவனுடைய கதையைக் கேட்டு அவள் தூங்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏன் மச்சான், இதயே நீங்க எழுதியிருக்கலாமே?”

ஸஜாத் மடியில் கிடந்த மடிப்பைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“எழுதித்தான் இரிக்கன் புள்ள. பதினாறு பக்கம் கூடுதலா எழுதிட்டன்.”